பூஜ்ஜியம் யூரோ

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் என் கடை.
சாதிச் சான்று, பட்டா நகல், ரேஷன் கார்டில்
செத்தவர் பேரை எடுத்தல்.
ரிசல்ட் அன்றைக்கு மட்டும் கூட்டம் படிவரை நிற்கும்.
ரோமாபுரிக்கு டிக்கெட் கேட்டு
யாரும் ஏறி வந்ததில்லை, தஸ்தகீர் வரும்வரை.

ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.
புது மெஷின் பழக இத்தாலிக்கு அனுப்புகிறார்கள்.
கடைசி ஞாயிறு லீவாம்.
சீட்டு எடுத்த பணத்தில்
மனைவியும் மூத்தவள் ஜுனைதாவும் கூடப் போகிறார்கள்.
'அந்த வட்டமான கட்டடம்மா,
பாதி இடிஞ்சுபோய் கீதே, அது.'

தேதி. நேரம். பத்தரை மணி.
நான் ரோபோ இல்லை என்று சத்தியம் செய்தேன்.
டிராஃபிக் விளக்குள்ள படங்களைத் தொடு என்றது, தொட்டேன்.
கம்பத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
இரண்டு முறை தோற்றேன்.
பெரியவர்களுக்கு விலை போட்டது.
அவர் போனில் ரூபாயாக்கிப் பார்த்தார்,
பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.
பிள்ளைகளுக்கு: பூஜ்ஜியம் யூரோ.
ஆனால் டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும்.
சும்மா விடுவார்கள், சீட்டில்லாமல் விடமாட்டார்கள்.

'சும்மாவா?'
'சும்மாதான்.'
'அப்போ சின்னதுக்கும் ஒண்ணு போடும்மா.'

சின்னவள் போகவில்லை. ஊருக்கே தெரியும்.
பாஸ்போர்ட் வரவில்லை.
பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி,
ஆதாரில் ஒரு மாதிரி அவள் பேர்.
திருத்த மனுப் போட்டு, வேலூருக்கு மூன்று நடை நடந்து,
நாள் தாண்டிவிட்டது.
இரண்டு மாதம் மாமி வீட்டில் விடப்போகிறார்கள்.

அவளும் வந்திருந்தாள்.
என் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் எட்டாமல் ஆட்டிக்கொண்டு
லேமினேஷன் மெஷின் கக்கும் சூட்டை
உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராத பிள்ளைக்கு டிக்கெட் எடுத்தால்
அங்கே யாரோ ஒரு பிள்ளைக்கு இடம் குறையும்.
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
மவுஸை வைத்து 'குழந்தைகள்' பெட்டியில்
ஒன்றை இரண்டாக்கினேன்.

பேர் கேட்டது.
'நீயே எழுத்து எழுத்தா சொல்லு' என்றேன் அவளிடம்.
எஸ், யூ, எம்.
ஏ, என்று சொல்லி என்னைப் பார்த்தாள்.
ஏ போட்டேன்.
ஐ, ஒய், ஏ.
சுமையா.

மூன்று வருடம் முன்னால்
ஆஸ்பத்திரிச் சான்றில் பேர் சேர்க்க
இதே நாற்காலிக்குத்தான் வந்தார் தஸ்தகீர்.
வெயில், வரிசை, பாதியில் போன கரண்ட்.
அந்த நடு ஏ-வை விட்டது
இந்த விரல்தான்.
அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.
தெரிந்தால் வேறு கடைக்கு ஏறியிருப்பார்.
அல்லது இதே கடைக்கு, தெரிந்தேதான், ஏறினாரோ.

நாலு பக்கம் பிரிண்ட். கலர்.
நாற்பது ரூபாய் நீட்டினார்.
வேண்டாம் என்றால் ஏன் என்பார்.
வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

அந்த ஞாயிறு கடை லீவு.
இருந்தும் திறந்து வைத்திருந்தேன், கூட்டுவதற்கென்று.
அங்கே பத்தரை என்றால் இங்கே இரண்டு மணி,
கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.
மத்தியான வெயிலில் மாமி வீட்டுச் செருப்போடு
படியில் தடதடவென்று வந்து
வாசலுக்கு வெளியே நின்றாள்.
கையில் எட்டாய் மடித்த தாள்.

'தொறந்துட்டாங்களா அக்கா?'

வாங்கினேன். பிரித்தேன்.
பேரை ஒருமுறை, முகத்தை ஒருமுறை பார்த்தேன்,
ஆபீசர்கள் பார்ப்பதுபோல.
ஓரத்தை ஒரு விரற்கடை கிழித்துக்கொண்டு
மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

உள்ளே வந்தாள்.
கரண்ட் இல்லை, ஃபேன் நின்றிருந்தது.
சுற்றிலும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு,
எங்கே உட்காரணும் என்று கேட்டாள்.